ஒட்டுகிற நோயும் ஒட்டாத நோயும்

புலாவ் செபாங் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கடைவரிசையில் என் கிளினிக் இருக்கிறது. காய்ச்சல், சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று எல்லாமும்தான் பார்க்கிறேன். ஆனால் தோலில் ஏதோ என்று சொல்லி யாராவது வந்து உட்கார்ந்தால் எனக்குத் தனியாக ஒரு தெம்பு வந்துவிடும். வயிற்றுக்குள் இருப்பதை ஊகிக்க வேண்டும். தோலில் இருப்பது கண்ணெதிரே இருக்கிறது. நல்ல வெளிச்சமும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால், பெரும்பாலும் அது தானே தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும்.

அன்று முற்பகலில் இரண்டு பெண்கள் சேர்ந்து உள்ளே வந்தார்கள். மூத்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். அந்த வெயிலிலும் மணிக்கட்டு வரை மூடிய சட்டை போட்டிருந்தார். இளையவர் அவருடைய தம்பி மனைவி, இடுப்பில் ஒரு வயதுக் குழந்தை. நாற்காலிகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும், இளையவர் தன்னுடையதைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"டாக்டர், பிள்ளைக்கு உடம்பு பூரா பொரிப்பொரியா இருக்கு. ராத்திரி தூங்கவே மாட்டேங்கிறான், சொறிஞ்சுக்கிட்டே அழுவுறான்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தாமலே, "இவங்களுக்கு ரொம்ப நாளா படை இருக்கு. இவங்ககிட்ட இருந்துதான் வந்துருச்சு" என்றார்.

மூத்தவர் சட்டைக் கையை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். முதலில் அவரைப் பார்க்கிறேன் என்றேன்.

சட்டைக் கையை மடித்துவிடச் சொன்னேன். முழங்கைகளில் தடித்த திட்டுகள், மேலே வெள்ளி நிறத்தில் செதில். ஓரம் கோடு கிழித்தாற்போல் தெளிவாக இருந்தது. காதுக்குப் பின்னால் பார்த்தேன், அங்கேயும் இருந்தது. கூந்தலை விலக்கினால் தலையில் செதில். நகங்களை வெளிச்சத்தில் திருப்பினேன். ஊசியால் குத்தினாற்போல் சின்னச் சின்னக் குழிகள். எனக்கு வேறு சோதனை தேவைப்படவில்லை. பூஞ்சையால் வரும் படை இப்படி இருக்காது. இது சோரியாசிஸ்.

அவர் சந்தைக்குப் பக்கத்தில் தோசைக் கடை போட்டிருந்தவர். கணவர் இறந்த பிறகு தம்பி வீட்டுக்கு வந்துவிட்டார். கை முட்டியைப் பார்த்துவிட்டு வாடிக்கையாளர்கள் வேறு கடைக்குப் போக ஆரம்பித்ததும், கடையை மூடிவிட்டார். படைக்கான களிம்பைத் தினமும் பூசி வந்திருக்கிறார். யாரோ சொன்னதால் கத்தரிக்காயும் இறாலும் நிறுத்திவிட்டார். வீட்டில் அவருக்குத் தனித் தட்டு, தனித் துண்டு, ஹாலில் தனிப் பாய்.

"கத்தரிக்காய் சாப்பிடுங்க, இறாலும் சாப்பிடுங்க. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல" என்று சொல்லி, அவர் முழங்கையை வெறுங்கையால் பிடித்துக்கொண்டே இளையவர் பக்கம் திரும்பினேன். "இது ஒட்டாதும்மா. தொட்டாலும் ஒட்டாது, ஒரே தட்டுல சாப்பிட்டாலும் ஒட்டாது."

"அப்ப பிள்ளைக்கு எப்படி வந்துச்சு?"

இளையவர் பேசும்போதே தன் இடது மணிக்கட்டைச் சொறிந்துகொண்டிருந்ததை நான் கவனித்திருந்தேன். குழந்தையின் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தேன். சிறு கொப்புளங்கள். விரலிடுக்கிலும் அக்குளிலும் அதேதான். பிறகு அவர் கையைக் கேட்டேன். தயங்கி நீட்டினார். மணிக்கட்டில் ஒரு இடத்தில் பேனா மையைத் தடவி, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தேன். மை போய்விட்டது, ஒரு நூல் அளவுக் கோடு மட்டும் நின்றது.

"இந்தக் கோடு ஒரு பூச்சி குடைஞ்சு போன வழி. அந்தப் பூச்சி கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது. சிரங்கு, மலாய்ல கூடிஸ்னு சொல்வாங்களே, அதுதான். பிள்ளைக்கும் இதேதான். வீட்டுல வேற யாருக்கு அரிக்குது?"

அவர் வாசல் பக்கம் பார்த்தார். கணவர் வெளியே காத்திருந்தார். உள்ளே கூப்பிட்டேன்.

அவர் கட்டுமான வேலைக்காரர். கோலா சுங்கை பாருவில் ஒரு வேலைக்காகக் கொங்சியில், அதாவது தொழிலாளர்கள் சேர்ந்து தங்கும் கொட்டகையில், பல வாரம் இருந்துவிட்டு வந்திருந்தார். சட்டையைத் தூக்கச் சொன்னேன். தொப்புளைச் சுற்றியும் பெல்ட் போடும் இடத்திலும் சொறிந்த தழும்புகள்.

"வேர்க்குருன்னு நெனச்சேன் லா, டாக்டர். அங்க எல்லாருக்கும் இருந்துச்சு."

"வீட்டுக்கு வந்தப்பவே அரிச்சதா?"

"ஆமா. அதுக்கப்புறம்தான் இவளுக்கு, பிள்ளைக்கு." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு விளங்கிவிட்டது. அக்காவைப் பார்த்தார். "ஏன்கா, நீ ஒரு வார்த்தை சொல்லலையே."

"எனக்கு என்ன தெரியும்? என்னாலதான்னு நானும் நெனச்சேன்" என்றார் அவர்.

அக்காவின் விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு எல்லாம் பார்த்தேன். சிரங்கின் அடையாளமே இல்லை. அந்த வீட்டிலேயே அது வராதவர் அவர் ஒருவர்தான். தனிப் பாயில் ஒதுக்கி வைத்ததில் அவர் தப்பித்துவிட்டார். அதைச் சொன்னபோது அவர் சிரித்தார். தம்பி மனைவி தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப நான் பிள்ளையத் தூக்கலாமா, டாக்டர்?" என்று அக்கா கேட்டார்.

"உங்ககிட்ட இருந்து அவனுக்கு ஒண்ணும் வராது. அவன்கிட்ட இருந்து உங்களுக்கு வராம இருக்க, முதல்ல எல்லாரும் மருந்து பூசணும்."

வைத்தியத்தை மூவருக்கும் சேர்த்தே சொன்னேன். அரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டில் எல்லோரும் ஒரே இரவில் கழுத்திலிருந்து கால்வரை களிம்பு பூச வேண்டும். குழந்தைக்குத் தலையிலும் பூச வேண்டும். காலையில் குளித்து, துணி, விரிப்பு, துண்டு எல்லாவற்றையும் சுடுதண்ணீரில் துவைக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும் அதே மாதிரி. பூச்சி செத்த பிறகும் அரிப்பு கொஞ்ச நாள் நீடிக்கும், அதற்காகப் பயந்து வேறு மருந்து தேட வேண்டாம். அக்காவுக்குத் தனியாக முழங்கைக்கு இரண்டு களிம்பும் தலைக்கு நிலக்கரித் தார் கலந்த ஷாம்பூவும் கொடுத்தேன். "இது அடங்கும், சில சமயம் திரும்ப வரும். வந்தா மறுபடி அடக்கிரலாம்" என்றேன். குணமாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. சமாளிக்க முடியும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மறுமுறை அவர் அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். முழங்கைத் திட்டுகள் தட்டையாகி, மங்கிய தழும்பாக நின்றன. குழந்தை நன்றாகத் தூங்குகிறானாம்.

"மருந்து பூசின அன்னிக்கு ராத்திரி ஒண்ணு நடந்துச்சு, டாக்டர்" என்றார். "முதுகுக்கு எனக்குக் கை எட்டல. என்ன பண்றதுன்னு உக்காந்திருந்தேன். அவளே வந்து, 'திரும்புங்கக்கா'ன்னு சொல்லி, முதுகு பூரா பூசிவிட்டா. கை முட்டில இருக்கிற படை மேலயும் அவ கை பட்டுச்சு. எடுக்கல."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அவர் தலையைக் குனியச் சொல்லி முடியை விலக்கிப் பார்த்தேன். தலையில் செதில் இன்னும் பிடிவாதமாக இருந்தது. ஷாம்பூவுடன் இரவில் தடவ ஒரு லோஷனும் சேர்த்தேன்.

"கடையைத் திறக்கலாமா?" என்று கேட்டார்.

"தாராளமா. யாராவது கேட்டா, இது ஒட்டாதுன்னு சொல்லுங்க. நம்பலைன்னா என்னை வந்து கேக்கச் சொல்லுங்க."

அடுத்த வாரமே கடை திறந்தார். இரண்டு பேர் உண்மையிலேயே கிளினிக்குக்கு வந்து என்னிடம் கேட்டார்கள். ஒட்டாது என்றேன். அதில் ஒருவர் தன் காலில் இருந்த படையையும் காட்டிவிட்டுப் போனார், அது பூஞ்சைதான்.