குருவிப் பெட்டிக்குப் பூட்டு

சடையாண்டியிடம் ஒரு லவ் பேர்ட்ஸ் இருந்தது. ஒன்றே ஒன்றுதான், ஆனாலும் எங்கள் தெருவில் அதற்குப் பெயர் லவ் பேர்ட்ஸ்தான். ஜோடியாக வாங்கியதில் நீலக்குருவி பறந்துபோய்விட்டது. கூண்டைத் துடைக்கக் கதவைத் திறந்த அவர் மனைவி அய்யம்மாள், அடுப்பில் பால் பொங்குகிறதே என்று உள்ளே ஓடினாள். திரும்பி வருவதற்குள் நீலம் கண்காணாத தூரம் போய்விட்டது.

அன்றைக்குத் தெருவே கேட்கக் கத்தினார் சடையாண்டி. "ஒரு குருவியக்கூட ஒன்ன நம்பி விட முடியல. நீயெல்லாம் ஒரு பொம்பள!" பிள்ளை இல்லாத வீடு அது. அந்தச் சொல் எங்கே போய்க் குத்தும் என்று அந்த மனுஷனுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. பக்கத்து வீட்டுக்காரனான எனக்கே இன்னும் ஆறவில்லை. அய்யம்மாள் அன்றோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறைக்காரனுக்குக் கோபம் வந்தால் என்ன செய்வான்? பூட்டுவான். பழைய கூண்டைத் தூக்கி எறிந்துவிட்டு, மரத்தில் பெட்டி செய்து, முன்பக்கம் எலி, பல்லி நுழையாதபடி பொடிக்கண் கம்பிவலை அடித்து, கதவுக்குத் தன் கையால் அரம் போட்டுச் செய்த பூட்டைத் தொங்கவிட்டார். சாவி ஒன்றுதான், அது அவர் அரைஞாண் கயிற்றில். காலையில் அவரே திறப்பார், தண்ணீர் மாற்றுவார், தினை போடுவார், பூட்டிவிட்டு இழுத்து இழுத்துப் பார்ப்பார். "ஏம் பூட்ட ஒடைக்க இனிமேதான் ஒருத்தன் பொறந்து வரணும்" என்று பீற்றிக்கொள்வார்.

எண்பத்து மூன்றாம் வருஷம் சித்திரையில், பழனி தாண்டித் தொப்பம்பட்டியில் கட்டிக்கொடுத்த தங்கச்சியின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில்தான் குத்தவேண்டும். முதல் பஸ்ஸைப் பிடிக்க இருட்டோடு கிளம்பிப் போனார். அய்யம்மாள் வரவில்லை.

குத்தி முடித்து, பந்தியில் உட்கார்ந்து, இலையில் தண்ணீர் தெளித்தபோதுதான் அவருக்கு உறைத்தது. குருவிக்குத் தண்ணீர் வைக்கவில்லை. நேற்று வைத்தது இந்நேரம் வற்றியிருக்கும். மேலே தகரக் கூரை, அனல் வெயில், சாவி இடுப்பில். அப்படியே எழுந்துவிட்டார்.

தங்கச்சி வீட்டுக்காரர் பதறி ஓடிவந்தார். "ஏனுங்க மச்சான், கை நனைக்காம எந்திரிக்கறீங்க? நாங்க என்ன கொறை வெச்சோமுங்க?"

"கொறையெல்லாம் இல்ல மாப்ள. குருவி..."

"குருவிங்களா?"

பந்தியே சிரித்தது. அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காரவில்லை. படியில் நின்றவரைக் கண்டக்டர் இரண்டு தடவை உள்ளே தள்ளினார். வாயைப் பிளந்து, கண் செருகிக் கிடக்கும் குருவிதான் கண்ணுக்குள் நின்றது. அய்யம்மாள் சுத்தியலை எடுத்து ஒரு போடு போடக்கூடாதா? போட்டாலும் அந்தப் பூட்டு அசையுமா? பழனி மலை தெரிந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "முருகா, எப்பிடியாச்சும் ஏம் பூட்டு ஒடைஞ்சிருக்கணும்ப்பா." பூட்டுக்காரன் எவனும் அந்த மலையைப் பார்த்து இப்படி வேண்டியிருக்கமாட்டான்.

ஒட்டன்சத்திரத்தில் தக்காளிக் கூடை ஏற்ற பஸ்ஸை நிறுத்தினார்கள். "உசுரு போகுதுய்யா, எடுங்கய்யா வண்டிய!" என்று கத்தினார். யாருக்கு என்று டிரைவர் கேட்டதும், இறங்கித் தானே ஒரு கூடையைத் தூக்கி மேலே ஏற்றினார்.

பொழுது சாய்கிற நேரத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். நாங்கள் நாலைந்து பேர் அவர் வாசலில் நின்றிருந்தோம். கூட்டத்தைப் பார்த்ததும் அவர் முகம் செத்துவிட்டது.

பூட்டு இருந்தபடி இருந்தது. பெட்டிக்கு முன்னால் அய்யம்மாள் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஈரத் துணியை வலையோடு ஒட்டிப் பிடித்திருந்தாள். உள்பக்கம் வலையைத் தொற்றிக்கொண்டு, கசிகிற தண்ணீரை அலகால் வாங்கிக்கொண்டிருந்தது பச்சைக்குருவி. அவள் மடியில் தினை. அதையும் ஒவ்வொரு மணியாக வலைக்கண் வழியே தள்ளியிருக்கிறாள். காலையிலிருந்து எழுந்திருக்கவில்லை, உலை வைக்கவில்லை. நான் கடப்பாரை கொண்டுபோனேன். வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டாள்.

சடையாண்டிக்கு மூச்சு வாங்கியது. "வலைய அறுத்துருக்கலாம்ல புள்ள? கத்திரி அங்கனதான கெடக்கு."

அத்தனை நாள் கழித்து அவள் வாய் திறந்தாள். "அறுத்துருக்கலாம். இதுவும் வெளிய பறந்துருச்சுன்னா? அன்னிக்கி சொன்னத திரும்பச் சொல்லுவீக. இன்னொரு வாட்டி அதக் கேக்க எனக்குத் தெம்பு இல்ல."

அவர் சாவியை எடுத்தார். பூட்டுவரை கொண்டுபோனவர், திறக்காமல், அவள் பக்கத்திலேயே தொப்பென்று உட்கார்ந்து, நாங்கள் நிற்பதைக்கூடப் பார்க்காமல், குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அய்யம்மாள் துணியை எடுக்காமலே சொன்னாள். "அழுகுறத அப்பறம் அழுகலாம். மொதல்ல தொறங்க. புள்ளைக்கு இன்னும் தாகம் அடங்கல."