ஒரு சாண் உயரக் காடு

கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பச்சைப் புல் வேண்டும் என்று அம்மா தட்டுகளில் மண் நிரப்பிக் கேழ்வரகு விதைப்பார். எப்போது விதைப்பது என்பது அவருக்கு மட்டுமே தெரிந்த கணக்கு. எனக்கு ஒன்பது வயதான வருடம், அந்தக் கணக்கைச் சொல்லாமலே அவர் பெரிய ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துக்கொண்டார். வயிற்றில் கட்டியாம். எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று எல்லோரும் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்கள். குடில் வேலை என் தலையில் விழுந்தது. விழுந்தது என்பது பொய், நானே பிடுங்கிக்கொண்டேன். எங்கள் கோயில் பங்கின் குடில் போட்டியில் முதல் பரிசு வாங்கி, அம்மாவின் கட்டிலில் கொண்டுபோய் வைக்க வேண்டும். அதுதான் திட்டம்.

தடையாக இருந்தவர் எதிர்வீட்டுப் பெரியப்பா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் பழைய சிப்பாய், ஊர்ப் பேச்சில் சொல்தா. அவர் வீட்டுக் குடிலில் பாரிசிலிருந்து வந்த பொம்மைகள், மோட்டாரில் ஓடும் அருவி. வருடா வருடம் முதல் பரிசு அவருக்குத்தான்.

முன்கூட்டி விதைத்தால் நன்றாக வளரும் என்று நவம்பர் கடைசியிலேயே விதைத்துவிட்டேன். நன்றாகத்தான் வளர்ந்தது. போட்டி நாளன்று ஒரு சாண் உயரம். ஆடுகளைக் காணோம், இடையர்களைக் காணோம், மாதாவையே காணோம். ஒரு மூலையில் கத்தரித்துப் பார்த்தேன். அரைகுறையாகச் சவரம் செய்த தாடை மாதிரி ஆகிவிட்டது. பெரியப்பா எட்டிப் பார்த்தார்.

“என்னா தம்பி, குடில் வெக்கச் சொன்னா வயல் வெச்சிருக்கீங்க. அறுப்பு எப்போ?” என்று அப்பாவைக் கேட்டார்.

மறுநாள் காலை அம்மாவுக்கு ஆபரேஷன். குளித்துவிட்டுத் திரும்பவும் ஆஸ்பத்திரிக்கு ஓட வந்திருந்த அப்பா, தலையைத் துவட்டிக்கொண்டே உள்ளே போய்விட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உடைந்த பொம்மைகளைத் தூக்கிப் போடாமல் அம்மா சேர்த்து வைத்திருந்த பிஸ்கட் டப்பாவை எடுத்துக் கவிழ்த்து, ஒவ்வொன்றாகப் புல்லுக்கு நடுவே நட்டு வைத்தேன்.

மாலை, அப்பா கிளம்புவதற்குள், போட்டிக்கு மார்க் போடப் பங்குச் சாமியாரும் இரண்டு பெரியவர்களும் வந்தார்கள். வேடிக்கை பார்க்கப் பெரியப்பாவும் வந்தார்.

“இது குடில் இல்ல சாமி, காடு. மனுஷங்க வர்றதுக்கு முன்னாடியே இருந்த காடு,” என்று ஆரம்பித்தேன். ஒற்றைச் சிறகு சம்மனசு, அந்தத் தேவதூதன், பறக்க முடியாததால் நடந்து நடந்தே எல்லா வழியும் அறிந்தது. மூன்று கால் ஒட்டகம் இருட்டைத் தண்ணீராகக் குடிப்பது. தலையில்லாத இடையன் கையாலேயே பார்ப்பவன். இதெல்லாம் எங்கிருந்து வந்ததோ, வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனது.

“அதெல்லாம் சரிம்மா, மாதா எங்க?” என்றார் சாமியார்.

“உள்ள இருக்காங்க சாமி. இவங்கதான் தூங்க வெச்சிருக்காங்க. கெட்டத எடுத்துட்டு, வெடிஞ்சதும் வெளிய கூட்டியாந்து விட்ருவாங்க.”

அப்பா நன்றாக எரிந்துகொண்டிருந்த சீரியல் விளக்கைச் சரிசெய்யத் திரும்பிக்கொண்டார். பெரியப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் முதல் பரிசு எனக்கு என்று அறிவித்தார்கள். கோயிலே அதிரும்படி கைதட்டியவர் பெரியப்பா. பரிசான எவர்சில்வர் தூக்குவாளியைக் கொடி மாதிரி உயர்த்திப் பிடித்துக்கொண்டு, அவருடைய ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தச் சந்தோஷம் அதற்குப் பிறகு எந்தப் பரிசிலும் எனக்குக் கிடைத்ததில்லை. கட்டி போய்விட்டிருந்தது. அம்மா தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“ஏண்டி, பத்து நாளைக்கு முன்னாடி வெதச்சா போதாதா?”

அந்தத் தூக்கில்தான் இன்றைக்கும் அம்மா கேழ்வரகு விதையை வைத்திருக்கிறார். அந்த வருடம், என் காட்டைப் பார்த்து எல்லோரும் பயந்துபோய் வாயடைத்து நின்றார்கள் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அன்று சாமியாரிடம் நான் சொன்னதெல்லாம் மாதாவைப் பற்றித்தான் என்றே வெகு நாள் நம்பியிருந்தேன்.