கம்பியை வாங்கிக்கொண்ட பிரசங்கி

பகைவரை நேசிப்பதைப் பற்றி நாற்பது நிமிஷம் பேசிவிட்டு வீட்டுக்கு வந்து, அதே பகைவரின் கண்ணில் ஊற்றுவதற்காக ஒரு வாளித் தண்ணீரில் மிளகாய்த்தூள் கரைத்தவன் நான். தூள் காணுமோ, போதாதோ என்று மனைவியிடம் வேறு கேட்டேன்.

"கறிக்கெண்டால் காணும்," என்றாள்.

வடக்கில் ஒரு கண்ணிவெடி வெடித்தால் தெற்கே வெள்ளவத்தையில் தமிழர் நாங்கள் கதவைச் சாத்திக்கொள்ளும் காலம் அது. அந்தக் கிழமை முழுக்க, தமிழரை அடிக்கக் கும்பலாக வருகிறார்கள் என்று எங்கள் ஒழுங்கை வீடுகளில் கதை. எங்கள் புதன்கிழமை ஜெபக்கூட்டத்துக்குக் கொட்டாஞ்சேனையிலிருந்து வரவேண்டிய போதகர் வரவில்லை. பிரசங்கச் செய்தி கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. விழுந்தது என்பது பொய். நானேதான் தலையை நீட்டினேன். நாலு புத்தகம் வாசித்தவனுக்கு எழுந்து போக முடியாத சபை வேறு எங்கே கிடைக்கும்?

கெத்சமனேயில் பேதுரு வாளை உருவி ஒருவனின் காதை வெட்டியதையும், இயேசு தடுத்து அந்தக் காதைத் தொட்டுச் சுகமாக்கியதையும் எடுத்துக்கொண்டேன். அதே அதிகாரத்தில், சற்று முன்னால், வாள் இல்லாதவன் உடுப்பை விற்றாவது ஒன்று வாங்கட்டும் என்று அவரே சொல்கிறார். அதை விளக்க எனக்குத் தெரியாது. ஆகவே கண்ணாடியைத் துடைக்கும் சாக்கில் அதைத் தாண்டிப்போனேன்.

அடுத்த நாள் காலை, தபால் கந்தோரில் வேலை செய்த நண்பர் ஒருவர், கூட்டத்துக்குத் தவறாமல் வருபவர், கையில் ஓர் இரும்புக் கம்பியோடு வந்தார். நுளம்பு கடிக்காமல் கட்டிலில் வலை கட்டும் கம்பி. ஒரு கிழமையாக அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தவர்.

"இது உங்களிட்டை இருக்கட்டும்."

"ஏன், நேற்று நான் கதைச்சதுக்கோ?"

"ஓம்… அப்பிடியெண்டே வைச்சுக்கொள்ளுங்கோவன்."

என் பேச்சைக் கேட்டு ஒரு மனிதன் ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டான். எனக்குக் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு கம்பியை வாங்கி, என் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தேன். கைக்கு அடக்கமான, நல்ல பாரமான கம்பி.

மூன்றாம் நாள் வந்தார்கள். நாங்கள் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்காரச் சிங்கள அம்மா கேற்றில் நின்று, இங்கே தமிழர் யாரும் இல்லை என்று இரண்டு தடவை சொன்னார்; வந்தவர்கள் போய்விட்டார்கள். அந்த நேரம் நான் படி உச்சியில் ஒரு கையில் கம்பியும் மறு கையில் வாளியுமாக நின்றேன். பாதித் தண்ணீர் என் காலில்தான் ஊற்றுண்டது.

நண்பரின் கேற்றில் நிற்க அப்படி யாரும் இருக்கவில்லை. உடைப்பதற்கு முன் அவரே கதவைத் திறந்தாராம், வெறுங்கையோடு. ஒரு கன்னத்தில் அறைந்தவர்கள் மறு கன்னத்தைத் திருப்பும்வரை காத்திருக்கவில்லை. இடது காது கேட்காமல் போனது. பேதுரு வெட்டிய காதுக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றார். இவருடைய காதுக்கு, களுபோவில ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கழித்து, ஊரடங்கு எடுத்த பிறகு, தோடம்பழம் வாங்கிக்கொண்டு நான் போய் நின்றேன்.

அவர் மருந்து மயக்கத்தில் கிடந்தார். கட்டிலருகே அவருடைய மனைவி. வழி முழுக்கத் தயார் செய்த மன்னிப்பை, வேத வசனங்கள் உட்பட, எடுத்துவிட்டேன். என் சொல்லை நம்பித்தானே அவர் வெறுங்கையோடு நின்றார், இந்தப் பாவம் என்னைத்தான் சேரும் என்றேன். குரல்கூடத் தழுதழுத்தது.

அவர் போர்வையை இழுத்துக் கணவனின் காலை மூடினார்.

"கம்பியைக் கொண்டுபோய்க் குடுங்கோ எண்டது நான்," என்றார். "இவர் ஓங்கினால் பறிச்சு இவருக்கே அடிப்பாங்கள். கையிலை ஒண்டும் இல்லாட்டி விட்டிடுவாங்கள் எண்டு நினைச்சன்."

அவர் தோடம்பழப் பையை வாங்கிக் கட்டிலுக்குக் கீழே வைத்தார்.

"நீங்கள் கதைக்கத் தொடங்கினால் இவர் நித்திரை, அண்ணை. அண்டைக்குப் புதன்கிழமையும் நித்திரைதான்."