சத்தம் அதிகமான துப்பாக்கி

இந்தச் சம்பவத்துக்குச் சரியான ஆண்டு குறிக்க வெகுநாள் முயன்றிருக்கிறேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி என்பதில் சந்தேகமில்லை. ஆந்திர எல்லையில் விஜயபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில் எஸ்.டி.டி. பூத் திறந்த பிறகு நடந்தது என்பது என் கட்சி. திறப்பதற்கு முன்பே என்பார் அம்மா. சிவப்பு மாட்டை விற்றதற்கு அடுத்த மழைக்காலம் என்பதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அம்மாவின் காலக்கணக்கு முழுவதும் அந்த மாட்டிலிருந்துதான் தொடங்குகிறது.

மாட்டை விற்றது துப்பாக்கி வாங்க.

என் அப்பாவான நைனா முன்பு பிறர் நிலத்தில் கூலிக்குப் போனவர். மலையடிவாரத்தில் அரசாங்கம் பட்டா கொடுத்த கல்லுக்காட்டைத் திருத்தி, இரண்டு மூன்று ஆண்டுகளாகச் சொந்தத்தில் வேர்க்கடலை போட்டுவந்தார். கடலை முற்றும் வாசனை காட்டுப்பன்றிகளுக்கு எப்படித்தான் எட்டுமோ, கூட்டமாக இறங்கி வந்து முகறையால் உழுதுவிட்டுப் போகும். முன்பெல்லாம் இளவட்டங்கள் பரண் கட்டிக் காவல் இருப்பார்கள். அந்த ஆண்டுகளில் அவர்களெல்லாம் விடிவதற்கு முன்பே பஸ் பிடித்து மெட்ராஸ் பக்கத்துக் கம்பெனிகளுக்குப் போக ஆரம்பித்திருந்தார்கள். அம்மாவின் தம்பியான என் மாமாவும் அவர்களில் ஒருவர். பரணில் உட்கார ஆள் இல்லை.

ஊரில் ஏற்கெனவே ஒரு துப்பாக்கி இருந்தது. அது பெரிய வீட்டுத் துப்பாக்கி. கேட்டால் கொடுத்து அனுப்புவார்கள். நைனா போய் வாசலில் நிற்பார். பெரிய வீட்டுக்காரர் சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, ஊஞ்சலில் ஆடி முடித்து, “இன்னாடா?” என்று கேட்ட பிறகு நைனா விஷயத்தைச் சொல்வார். பெரிய வீட்டுக் காவல்காரர் வந்து, கொல்லை என்று நாங்கள் சொல்லும் எங்கள் நிலத்தில் ஒரு வெடி வெடித்துவிட்டுப் போவார். அறுவடை ஆனதும் ஒரு கூடை கடலை அந்த வீட்டுக்குப் போகும். எனக்கு இது மிக நல்ல ஏற்பாடாகத் தெரிந்தது. கூப்பிட்டால் வந்து சுட்டுவிட்டுப் போக ஒரு துப்பாக்கி இருக்கும்போது நாம் எதற்கு ஒன்றை வாங்கி எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருக்க வேண்டும்?

எங்கள் கொல்லைக்குப் பாதையும் பெரிய வீட்டு வாசல் வழியாகத்தான். அங்கிருக்கும் வேப்பமரத்தடியில் நைனா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். மதில் முடிந்ததும் மறுபடி போட்டுக்கொள்வார். அந்த இடத்தில் மட்டும் பாதை முழுக்க மணல். மெத்தென்று இருக்கும், நிழலும் உண்டு. நானும் கழற்றிவிட்டு, விரல்களை மணலில் புதைத்துப் புதைத்து நடப்பேன்.

லைசென்ஸ் வாங்க நைனா சித்தூருக்கு எத்தனையோ முறை அலைந்தார். கடைசியில் அது கிடைத்தபோது எனக்குத் திருமலையில் மொட்டை போடும் வேண்டுதலும் பாக்கி இருந்தது. ஒரே பயணமாக இரண்டையும் முடித்துவிடலாம் என்று கிளம்பினோம். மலையிலிருந்து இறங்கியதும் லட்டுப் பையோடு அம்மா திருப்பதி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்துவிட்டார்.

“மாட்ட வித்து இரும்பு வாங்கறத நான் வேற கண்ணால பாக்கணுமா? அது பால் குடுக்கும்னா சொல்லியனுப்பு, சொம்பு எடுத்துக்கினு வரேன்.”

நைனாவும் மாமாவும் என்னை மட்டும் துப்பாக்கிக் கடைக்குக் கூட்டிப்போனார்கள். சந்தனம் பூசிய என் மண்டையைப் பார்த்துக் கடைக்காரர் சிரித்தார். “ஏம் காவாலண்டி?” என்று, என்ன வேண்டுமெனத் தெலுங்கில் ஆரம்பித்தவர், நைனா தடுமாறுவதைக் கண்டு தமிழுக்கு மாறினார்.

“எதுக்கு வேணும்? காவலுக்கா, வேட்டைக்கா, சும்மா குறி பார்த்துச் சுடறதுக்கா?”

“மூணுத்துக்கும்” என்றார் மாமா.

“காவலுக்கு” என்றார் நைனா.

“வேட்டைன்னு எங்கிட்ட சொன்ன மாதிரி வேற யாருகிட்டயும் சொல்லிறாதீங்க. உள்ள போட்டுருவாங்க.”

மாமா கம்பெனியில் யாரிடமோ எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருந்தார். வாங்கினால் ரைபிள்தான் வாங்க வேண்டும், ஒன்று இருந்தால் மூன்று வேலைக்கும் ஆகும், ஆயுசுக்கும் நம்பலாம். கடைக்காரர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மெலிந்து நீண்டு, கட்டையில் முகம் தெரிகிற மாதிரி பளபளப்பாக இருந்தது. மாமா அதைத் தோளில் வைத்து ஒரு கண்ணை மூடினார்.

“ஏய், அங்க பாக்காதே! காலண்டர்ல சாமி இருக்காரு” என்று அதட்டினார் கடைக்காரர்.

மாமா அவசரமாக மின்விசிறிப் பக்கம் திரும்பினார்.

“நல்ல ரைபிள்தான்” என்றார் கடைக்காரர். “வெச்ச எடத்துல போய் அடிக்கும். ஆனா குண்டு ரொம்ப தூரம் போவும். சமநிலத்துல சுட்டுப் பன்னி தப்பிச்சிதுன்னா, அந்தாண்ட மாடு மேய்க்கிறவன் தப்பிக்க மாட்டான்.” அடுத்து, பழைய ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்றை மேசைமேல் வைத்தார். கட்டையில் ஒரு விரிசலைப் பித்தளைத் தகடு வைத்து இழுத்துப் பிடித்திருந்தார்கள். “இது பன்னெண்டு போரு, கொழல் அகலம் அது. குண்டு சில்லு சில்லா செதறும். கிட்டத்துலதான் வேலை செய்யும். மழை, சேறு எதுக்கும் கோவிச்சுக்காது.”

லைசென்ஸில் இரண்டுக்கும் இடம் இருந்ததா என்று சமீபத்தில் மாமாவைக் கேட்டேன். அவருக்கு நினைவில்லை. அன்று அவருக்கு ரைபிளைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

நைனா இரண்டையும் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்: “எதுல சத்தம் ஜாஸ்தி?”

கடைக்காரருக்கு விளங்கவில்லை. “சத்தமா?”

“ஆமா. கொல்லையில வெடிச்சா அர மைல் தள்ளி வூட்டுக்குள்ள உக்காந்துக்கினு இருக்கறவங்களுக்குக் கேக்குமா?”

“பன்னி எந்த ஊர்லய்யா வூட்டுக்குள்ள உக்காந்துக்கினு இருக்குது?”

“மாமா, மானத்த வாங்காத” என்று முனகினார் என் மாமா. அக்காவின் கணவர் என்பதால் நைனா அவருக்கு மாமா. “பட்டாசா வாங்க வந்துகிறோம்?”

நைனா சிரிக்கவில்லை. “கேக்குமா, கேக்காதா?”

“ரைபிள் சுருக்குனு ஒரு அடி அடிக்கும். இது டமாருனு மலையில மோதித் திரும்பி வரும். ஊரே எழுந்திரிக்கும்” என்றார் கடைக்காரர். விரிசல் விட்ட பழைய துப்பாக்கியைத்தான் வாங்கினோம். பஸ் ஸ்டாண்டில் அம்மா அந்தப் பித்தளைத் தகட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, லட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக பஸ்ஸில் ஏறினார்.

வாங்கி வந்த பிறகும் நைனா அதைச் சுடவில்லை. கடலை முற்றட்டும் என்றார். முற்றுகிற நேரத்தில் ஆயுத பூசை வந்தது. கலப்பை, மண்வெட்டி, அரிவாள், மாமாவின் சைக்கிள், என் பாடப் புத்தகங்கள் எல்லாம் வரிசையாகச் சந்தனமும் குங்குமமும் பெற்றன. துப்பாக்கி என் கணக்குப் புத்தகத்தின்மேல் படுத்திருந்தது. அதற்குச் சாமந்திச் சரம். பூசையில் வைத்ததை மறுநாள் காலை மறுபூசை முடியும் வரை யாரும் தொடக்கூடாது. கணக்குப் புத்தகத்தை முன்னிட்டு அந்த வழக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

அன்று பொழுது சாய்கிற நேரத்தில் மாமா கொல்லையிலிருந்து ஓடி வந்தார். “மாமா! எறங்கிட்ச்சி! குட்டியும் தாயுமா துன்னுக்கினு கீது!”

நைனா எழுந்து பூசை வைத்த இடத்துக்குப் போனார். அம்மா முன்னால் வந்து நின்றார்.

“தொடாத.”

“துப்பாக்கி வந்து மொத போகம்டி.”

“அதனாலதான் சொல்றேன். பூசையில கீறத எடுத்தா, போற போகம் இதோட நிக்காது.”

நைனா கையை நீட்டினார், மடக்கினார். மாட்டை விற்றபோதும், மாதக்கணக்கில் சித்தூருக்கு அலைந்தபோதும் காணாத ஒரு முகம் அப்போது அவருக்கு இருந்தது. அம்மா தன் தம்பியைப் பார்த்து, “பெரிய வூட்ல போய்க் கேளுடா” என்றார். நைனா, “வாணாம்” என்றார். “வாணாம்னா வாணாம்.” அதற்குள் மாமா தெருவில் இறங்கிவிட்டார். நானும் பின்னால் ஓடினேன்.

பெரிய வீட்டுக்காரர் ஊஞ்சலில் இருந்தார். மாமா மூச்சு வாங்கச் சொல்லி முடித்ததும் நிதானமாகக் கேட்டார்.

“எங்களுதும் பூசையிலதாண்டா கீது. எங்க வூட்ல மட்டும் சாமி இல்லையா?” பிறகு சிரித்தார். “உங்க மாமன்தான் திருப்பதி வரைக்கும் போயி வாங்கிக்கினு வந்துகிறானே. ஊதச் சொல்றா, புல்லாங்குழலு மாதிரி.”

கடைசியில் தட்டும் டின்னும் எடுத்துக்கொண்டு ஓடினோம். மாமா தொண்டை கிழியக் கத்தினார். பன்றிகள் நிதானமாகத் தின்று முடித்துவிட்டுத்தான் மலை ஏறின. ஓடைப் பக்கத்து மூலை முழுவதும் ஏர் ஓட்டியதுபோலக் கிடந்தது. பன்றிகள் பிடுங்கிப்போட்ட செடிகளை அம்மா மடியில் பொறுக்கிக்கொண்டே அழுதார்.

மறுநாள் காலை மறுபூசை முடிந்ததும் அவர் துப்பாக்கியை எடுத்தார். சாமந்திச் சரத்தை மட்டும் கழற்றினார்; குங்குமத்தைத் துடைக்கவில்லை. “நீயும் வரியா பாப்பா?” என்றார். பெரிய வீட்டு வேப்பமரம் வந்தது. ஒரு கையில் துப்பாக்கி, மறு கையில் செருப்பு என்று மணலைக் கடந்தார். நானும் என் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

கொல்லையில் நல்ல வெயில். பன்றி இல்லை, குருவிகூட இல்லை. நைனா மேட்டில் ஏறி நின்று, மலையைப் பார்த்து, வானத்தை நோக்கிச் சுட்டார். என் காது அடைத்துப்போயிற்று. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. சத்தம் மலையில் முட்டி, ஏரிக்குப் போய், திரும்பவும் வந்தது. குங்குமம் தெறித்து நைனாவின் கன்னமெல்லாம் சிவப்பு. என்ன விழுந்தது என்று நான் நாலு பக்கமும் தேடினேன்.

கொஞ்ச நேரத்தில் பெரிய வீட்டுக்காரர் காவல்காரரோடு வரப்பில் வந்து நின்றார். தோளில் துண்டுகூட இல்லை. அவர் எங்கள் கொல்லைக்கு வந்து நான் பார்த்ததே இல்லை.

“இன்னாப்பா சுட்டே?”

“ஒண்ணுமில்ல” என்றார் நைனா. “சத்தம் எப்பிடி கீதுன்னு பாத்தேன். உள்ள கேட்டுச்சா?”

“கேட்டுச்சி, கேட்டுச்சி” என்றார் அவர். உழுது கிடந்த மூலையைச் சற்றுநேரம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

வெறும் வானத்தைச் சுட்டு ஒரு தோட்டா வீணாகிவிட்டது. கடலை போனது போனதுதான். ஆனால் நைனா திரும்பி வரும்போது மெல்ல ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு வந்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மதில் தொடங்கும் இடம் வந்ததும் வழக்கம்போல நான் குனிந்து செருப்பைக் கழற்றினேன். நிமிர்ந்து பார்த்தால் நைனா நிற்காமல், செருப்புக் காலோடு மணலில் போய்க்கொண்டிருந்தார்.

“நைனா, செருப்பு!” என்று கத்தினேன்.

அவர் திரும்பினார். “போட்டுக்கினு வா” என்றார்.

“மணலா கீதே?”

“போட்டுக்கினு வான்னு சொல்றேன் இல்ல.”

போட்டுக்கொண்டேன். போகும்போது மிதித்த நிழல் மணல் அன்றும் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் போய் எதற்காகச் செருப்பை மாட்டிக்கொண்டு நடக்க வேண்டும் என்று நினைத்தபடி, அழுகை முட்ட, அவர் பின்னால் நடந்தேன்.