லிடியா போட்ட வைஃபை

லிடியாவுக்கு ஆரம்பத்தில் கோழி என்றாலே பயம். சேலம் டவுனில் மாதா கோயிலை ஒட்டிய தெருவில் வளர்ந்தவள். உயிரோடு ஒரு கோழியைக் கையால் தூக்கியதில்லை. தன் பிழைப்பு கோழிப்பண்ணைகளில்தான் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள்.

பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்த கையோடு, பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தாள். பரீட்சை ரிசல்ட் பார்க்கவும் வேலைக்கு மனுப் போடவும் எடப்பாடியிலிருந்தும் ஆத்தூரிலிருந்தும் பிள்ளைகள் பஸ் ஏறி வந்து காத்திருப்பார்கள். யாரோ ஒருவர் செருகும் பென் டிரைவிலிருந்து வைரஸ் புகுந்தால் போதும், கம்ப்யூட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்துவிடும். அவற்றைச் சுத்தம் செய்து எழுப்பி உட்கார வைப்பது லிடியாவின் பொறுப்பு. அலுப்பான வேலைதான். ஆனால் அவள் சரிசெய்த கம்ப்யூட்டரில் யாரோ ஒரு பெண் ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அதைப் பார்த்தால் அந்த அலுப்பு போய்விடும்.

ஆளுக்கொரு போன் வந்தபின் கூட்டம் கரைந்தது. சென்டரை மூடினார்கள். அதற்குள் அவளுக்கும் டோனிக்கும் கல்யாணமாகி, நாமக்கல்லில் குடியேறியிருந்தார்கள். டோனி லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் பெயின்டர். லாரியின் நெற்றியில் முருகன் பெயரையும் மாதா பெயரையும் ஒரே சிரத்தையோடு எழுதுவான். அதிகம் பேச மாட்டான். லிடியா பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்க அவனுக்குப் பிடிக்கும்.

நாமக்கல்லில் அவளுக்கு வேலை கொடுத்தவர் நசுருல்லா பாய். பண்ணைக்கு வேண்டிய கூண்டு, தண்ணீர்க் குழாய், ஃபேன் எல்லாம் அவர் கடையில் கிடைக்கும். புதிதாகக் கன்ட்ரோலர் பெட்டியும் விற்கத் தொடங்கியிருந்தார். நான்கு பக்கமும் மூடிய ஷெட்டில் எந்த ஃபேன் எப்போது ஓட வேண்டும், எப்போது தண்ணீர் தெளித்துக் குளிர்விக்க வேண்டும் என்பதையெல்லாம் அந்தப் பெட்டியே பார்த்துக்கொள்ளும். முதலாளி ஊட்டிக்குப் போயிருந்தாலும் ஷெட்டுக்குள் எவ்வளவு சூடு என்பதைப் போனில் பார்க்கலாம். பெட்டியை மாட்டி, இன்டர்நெட்டில் சேர்த்து, கோளாறு வந்தால் போய்ப் பார்க்க ஓர் ஆள் தேவைப்பட்டது.

"கோழிக்குப் பயப்படுவியாம்மா?" என்று பாய் கேட்டார்.

"பயம்தான் பாய். பெட்டி வெளியதானே இருக்கும்?"

பெட்டி வெளியேதான் இருந்தது. அதோடு இணைந்த சென்சார்கள் எல்லாம் கோழிகளுக்கு நடுவே தொங்கின. சில மாதங்களில் பயம் போய்விட்டது. கோழிகள் சேர்ந்து எழுப்பும் அந்தக் கொக்கரிப்பு, சந்தைக்குள் நடப்பதுபோல அவளுக்குப் பழகிவிட்டது.

பழகாதது ஒன்றுதான். பெட்டிக்குள் இருக்கும் மென்பொருளில் ஏதாவது ஓட்டை தெரியவந்தால், அதை அடைத்துக் கம்பெனிக்காரர்கள் புதிதாக ஒன்றை அனுப்புவார்கள். அதைப் போடுவதற்குப் பெட்டியைக் கொஞ்ச நேரம் நிறுத்தி, ஃபேன்களைக் கை சுவிட்சில் ஓட்ட வேண்டும். பண்ணைக்காரர்கள் ஒப்ப மாட்டார்கள்.

"நல்லா ஓடற வண்டிய எதுக்கு அம்மிணி பிரிக்கோணும்?" என்று புதுச்சத்திரம் பக்கத்துப் பண்ணைக்காரர் அருணகிரி அவளை இரண்டு முறை திருப்பி அனுப்பினார். மரியாதையாக மோர் கொடுத்துத்தான் அனுப்பினார்.

அவருடைய பண்ணை ஒரு கரட்டுக் குன்றின் அடிவாரத்தில் இருந்தது. அங்கே செல்போன் சிக்னல் எடுக்காது. பெட்டிக்காகவே தூரத்து ரோட்டிலிருந்து கம்பி இழுத்து இன்டர்நெட் வாங்கியிருந்தார். அந்த வைஃபைதான் அவர் வீட்டுக்கும். பண்ணையிலேயே குடியிருந்து வேலை பார்த்த பொன்னனும் அவன் மனைவி சாலம்மாளும்கூட அதைத்தான் பயன்படுத்தினார்கள். அவர்களுடைய மகள் சித்ரா சேலத்தில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படித்தாள். சாயங்காலமானால் மகளின் முகத்தைப் போனில் பார்த்துப் பேசுவார்கள். பாஸ்வேர்டை அவர்களுக்குச் சொன்னது அருணகிரியின் மனைவி சௌந்திரம்.

ஒரு சித்திரை மாத மத்தியானம் அந்தப் பண்ணையில் ஃபேன்கள் நின்றன.

அருணகிரி ராசிபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அடிக்க வேண்டிய அலாரம் அடிக்கவில்லை, ஏனென்றால் அலாரமும் அதே பெட்டியில்தான் இருந்தது. தீவன மூட்டை இறக்கிக்கொண்டிருந்த பொன்னன், ஃபேன் இரைச்சல் அடங்கிப்போனதைக் கேட்டு ஓடினான். உள்ளே கோழிகள் வாயைப் பிளந்து இறக்கையை விரித்துக்கொண்டிருந்தன. கை சுவிட்சைத் திருகி ஒவ்வொரு ஃபேனாக ஓடவிட்டான். ஷெட்டின் கோடியில் இருந்த சில கோழிகள் செத்துவிட்டன. மற்றவை பிழைத்துக்கொண்டன.

தகவல் கிடைத்து லிடியா போய்ச் சேர்ந்தபோது, ராசிபுரத்திலிருந்து திரும்பியிருந்த அருணகிரி கல்யாணத்துக்குக் கட்டிய வேட்டியோடு ஷெட்டின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். பெட்டி தானாக அணைவதும் எழுவதும் மறுபடி அணைவதுமாக இருந்தது.

"இவங்க போன்ல கண்டதையும் பாத்து, அதுலருந்து வைரஸ் பெட்டிக்குள்ள பூந்திருச்சு," என்றார் அவர். "இனிமே வேலைக்காரங்க யாருக்கும் வைஃபை கெடையாது. நீ அதுக்குண்டானதப் பண்ணிப்போடு அம்மிணி."

பொன்னன் மனைவியைப் பார்த்தான். சாலம்மாள்தான் மெதுவாகச் சொன்னாள். "நாங்க புள்ளகூடப் பேசறதுக்குத்தானுங்க எடுக்கறோம். வேற ஒண்ணும் தெரியாதுங்க."

லிடியா லேப்டாப்பைப் பெட்டியோடு இணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். பிரவுசிங் சென்டரில் கற்ற பொறுமை அவளுக்கு இருந்தது. கொஞ்ச நேரத்தில் விஷயம் தெரிந்துவிட்டது. கோழிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பெட்டி, சம்பந்தமில்லாத எந்தெந்த தேசத்துக் கம்ப்யூட்டர்களோடோ ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது. அந்தச் சுமை தாங்காமல்தான் விழுந்து விழுந்து எழுந்தது.

"இது இவங்க போன்ல இருந்து வரலங்கண்ணா," என்றாள். "வெளியில இருந்து நேரா வந்திருக்கு. எந்தப் பெட்டி தொறந்து கெடக்குதுன்னு உலகம் பூரா தட்டிப் பாத்துக்கிட்டே திரியற புரோகிராம் இருக்குதுங்க. இது கோழிப்பண்ணைன்னுகூட அதுக்குத் தெரியாது."

"தொறந்தா கெடந்துச்சு? நீங்கதானே பாஸ்வேர்டு போட்டீங்க?"

லிடியா லேப்டாப்பை மூடினாள். பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை மாற்றாமல் எல்லாப் பண்ணைகளிலும் அப்படியே விட்டிருந்தார்கள். எந்தப் பண்ணைக்குப் போனாலும் வேலை சுலபம் என்று கடையில் எல்லோரும் சேர்ந்து செய்தது. பழி இப்போது பொன்னன் தலையில் விழுந்திருந்தது. அவள் வாயைத் திறக்காவிட்டால் அது அங்கேயே தங்கிவிடும்.

"பெட்டி வாங்கறப்ப இருந்த பாஸ்வேர்டு அதுங்க. ஊருக்கே தெரிஞ்ச பாஸ்வேர்டு. நாங்க மாத்தியிருக்கணும், மாத்தல. தப்பு எங்க கடையோடது. செத்த கோழிக்கு பாய்கிட்ட நான் பேசறேன்."

அருணகிரி அவளையே பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பின்னால் நின்ற சௌந்திரம் முன்னால் வந்தாள்.

"அப்டேட் போடோணும்னு இந்தப் புள்ள ரெண்டு தடவ வந்துச்சில்லீங்க. மோரக் குடுத்து அனுப்புனது ஆரு?"

அருணகிரியால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. அதோடு சூடு தணிந்தது.

"அண்ணா, உங்க கேட்டுல என் வண்டிச் சக்கரத்துக்கு மருந்து அடிச்சுத்தானே உள்ள விடறீங்க?" என்றாள் லிடியா. "செருப்பையும் மருந்துத் தண்ணியில முக்கிட்டுத்தான் வரேன். நோவு வந்த பெறகு பாத்துக்கலாம்னு நீங்க விடறதில்ல. பெட்டிக்கும் அதேதாங்க."

"சரி, போடு," என்றார் அவர்.

அன்று சாயங்காலம் வரை அவள் அங்கேயே இருந்தாள். பெட்டியை முழுக்கத் துடைத்துப் புது மென்பொருளைப் போட்டாள். அந்தப் பண்ணைக்கு மட்டுமான பாஸ்வேர்டு வைத்தாள். பிறகு, ஒரே வாய்க்காலில் ஓடிய தண்ணீரைப் பிரித்துவிடுகிற மாதிரி, வைஃபையை மூன்றாகப் பிரித்தாள். பெட்டிக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, பண்ணை ஆட்களுக்கு ஒன்று. ஒன்றில் நடப்பது மற்றதைத் தொடாது. பெட்டியைச் சாராத தனி அலாரம் ஒன்றையும் மறுநாள் கொண்டுவந்து மாட்டினாள்.

நசுருல்லா பாயிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவர் கேட்டுக்கொண்டே விரலால் மேஜையைத் தட்டினார்.

"கடை பேரச் சொல்லிட்டியாம்மா?"

"சொல்லிட்டேன் பாய்."

"நாளைக்கு வேற எடத்துல இதே மாதிரி ஆயி, அவங்களாக் கண்டுபிடிச்சா இன்னும் கேவலம்," என்றார் கடைசியில். "எல்லாப் பண்ணைக்கும் நாமளே போன் பண்ணிச் சொல்லிருவோம். நீ போய் மாத்திட்டு வந்துரு. அருணகிரி கோழிக்கு நான் குடுத்துர்றேன்."

அந்தக் கோடை முழுக்க லிடியா பண்ணை பண்ணையாக அலைந்தாள். சிலர் திட்டினார்கள். ஒருவர் பெட்டியையே கழற்றிக் கொடுத்துவிட்டு வேறு கடைக்குப் போய்விட்டார். பெரும்பாலானவர்கள், கேட்காமலே வந்து உண்மையைச் சொன்னதற்காக உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். வெயிலில் கறுத்துப்போன அவள் கைகளைப் பார்த்து டோனி, "லாரிக்கு ப்ரைமர் அடிச்ச மாதிரி இருக்கு," என்றான். அவன் ஒரு நாளில் பேசுவதில் அதுவே அதிகம்.

மழைக்காலம் தொடங்கியபோது சௌந்திரம் போன் செய்தாள். அவள் ஊர்ப் பால் சொசைட்டியின் செயலாளர்.

"ஏனுங்க, எங்க பண்ணைக் காம்பவுண்டு ஓரமா ஊருப் புள்ளைங்க வந்து நிக்குதுங்க. வைஃபை எட்டுமான்னு பாக்கறாங்களாமா. பாவமா இருக்குது. பால் சொசைட்டில ஒண்ணு போட்டுக் குடுங்களேன். காலைலயும் சாயங்காலமும் எல்லாரும் அங்கதான் வாராங்க."

லிடியா பாயிடம் கேட்காமலே சரி என்றுவிட்டாள். பிறகு கேட்டபோது பாய் தன் பங்குக்கு ஒரு ரூட்டர் கொடுத்தார். அருணகிரியின் சம்மதத்தோடு அவர் கம்பியிலிருந்தே தனிக் கிளை எடுத்து, சொசைட்டிக் கட்டடத்தின் கூரை மேல் வெள்ளைப் பெட்டி ஒன்றைப் பொருத்தினாள். போன் நம்பருக்கு ஓடிபி அனுப்பி உள்ளே விடுவதுதான் வழக்கம். ஆனால் சிக்னலே இல்லாத ஊரில் ஓடிபி எப்படி வரும்? பாஸ்வேர்டு இல்லாமல் திறந்துவிடலாமே என்றார்கள் ஊர்க்காரர்கள். அதற்கு லிடியா ஒப்பவில்லை. வீட்டுக்கு ஒரு தனிக் குறியீடு கொடுப்போம், ஒருவர் தப்பாகப் பயன்படுத்தினால் அவருடையதை மட்டும் நிறுத்திவிடலாம், மற்றவர்களுக்குத் தொந்தரவு இல்லை என்றாள்.

யார் யாருக்குக் கொடுப்பது என்று பேச சொசைட்டியில் கூடினார்கள். பால் ஊற்றுகிற உறுப்பினர்களுக்கு மட்டும் போதும் என்று சிலர் சொன்னார்கள். சாலம்மாள் கடைசியில் நின்றிருந்தாள். அவளுக்கு மாடு கிடையாது.

"மாடு இல்லாத ஊட்டுக்கு இல்லீங்களா?" என்று கேட்டாள்.

சிலர் சொசைட்டித் தலைவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"வைஃபைக்கும் மாட்டுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்றாள் சௌந்திரம். "கறந்து ஊத்துனாத்தான் கெடைக்கும்ங்கறதுக்கு இது பாலா? ஊர்ல இருக்கற அத்தன ஊட்டுக்கும் குடுத்துரலாம்."

தலைவர் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பேச்சு அதோடு முடிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து டோனியும் கூட வந்தான். சொசைட்டிச் சுவரில் நீல பெயின்டில் 'ஊர் வைஃபை' என்று எழுதினான். அதற்குக் கீழே, 'குறியீட்டை யாருக்கும் சொல்லாதீர்கள்' என்று லிடியா எழுதச் சொன்னதையும் எழுதினான். லாரிக்குப் பூ வரைந்து பழகிய கை சும்மா இருக்கவில்லை. ஓரத்தில் இரண்டு தாமரைகளும் வந்துவிட்டன.

கூரை மேல் இருக்கும் பெட்டியை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி வந்தபோது சாலம்மாள் தானே முன்வந்தாள். மாலையில் பண்ணை வேலை முடிந்ததும் சொசைட்டியில் பால் அளக்க உதவுகிறவள் அவள். லிடியா கற்றுக்கொடுத்தாள். புதுக் குறியீடு கொடுப்பது, ஊரைவிட்டுப் போனவர்களுடையதை நிறுத்துவது, அப்டேட் வந்திருக்கிறதா என்று பார்ப்பது. புரியாத இடத்தில் சாலம்மாள் மகள் சித்ராவைப் போனில் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டாள். ஒருமுறை தவறிப்போய் எல்லோருடைய குறியீட்டையும் நிறுத்திவிட்டாள். மறுநாள் காலையில் பால் கேனோடு வந்தவர்கள் அவளைக் கேலி செய்து தீர்த்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். அதற்குப் பிறகு அந்தத் தவறு நடக்கவில்லை.

இப்போது லிடியாவைத் தேடி வேறு ஊர்ப் பால் சொசைட்டிகளும் வருகின்றன. எடப்பாடிப் பக்கம் ஒரு நெசவாளர் சங்கம்கூடக் கேட்டிருக்கிறது. பாய் அவளுக்குச் சம்பளத்தைக் கூட்டி, கடையில் அவளுக்கென்று ஒரு மேஜையும் போட்டுக் கொடுத்தார். அவள் அதில் உட்காருவது அபூர்வம்.

போன வாரம் அவள் ராசிபுரம் பக்கத்தில் ஒரு பண்ணையில் இருந்தாள். மதியம். வேப்பமரத்தடியில் டிபன் பாக்ஸைத் திறந்தபோது வாட்ஸ்அப்பில் போன் வந்தது.

"நாந்தானுங்க, சாலம்மா. பெட்டிக்குப் புது அப்டேட்டு ஒண்ணு வந்திருக்குதுங்க. மழ வாற மாதிரி இருக்குது. கரண்டு போறதுக்குள்ள போட்டுரட்டுங்களா?"

"போட்டுருங்கக்கா. பாதியில மட்டும் அணைச்சிராதீங்க."

"அதெல்லாம் தெரியுமுங்க. நீங்க சாப்பிட்டீங்களா?"

"இப்பத்தான் பாக்ஸத் தொறந்தேன்."

"அப்பச் சாப்புடுங்க சாமி. போட்டு முடிச்சுட்டுச் சொல்றேன்."

லிடியா போனைப் பக்கத்தில் வைத்துவிட்டு, புளிச்சாதத்தில் கிடந்த வேர்க்கடலையை ஒவ்வொன்றாக எடுத்துச் சாப்பிட்டாள்.