4017 இன்னும் உள்ளே

இது நடந்தது. நடக்கவில்லை என்பவர்களுக்குக் காட்ட என்னிடம் சர்வர் பதிவு இருக்கிறது. நேரம், நிமிடம், எந்தக் கதவு, எல்லாம் அதில் உண்டு. கம்பெனி பெயரை மட்டும் கேட்காதீர்கள். ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலை. சம்பளம் இன்னும் அங்கிருந்துதான் வருகிறது.

நான் பேக்-எண்ட் டெவலப்பர். திரையில் நீங்கள் ஒரு பட்டனை அழுத்தினால் பின்னால் என்னென்னவோ ஓட வேண்டுமே, அதை எழுதுகிறவன். பட்டனுக்கு நீல நிறம் பூசியவனுக்குக் கைதட்டல். பட்டன் வேலை செய்யாவிட்டால் எனக்குப் போன். பதினெட்டு வருடத்தில் ஜூனியர், சீனியர், லீட் என்று ஏறி இப்போது 'பிரின்சிபல் ஆர்க்கிடெக்ட்'. எந்தக் கம்பெனிக்குப் போனாலும் நாற்காலி அதேதான். ஒரு சக்கரம் போயிருக்கும்.

அன்று ஆயுத பூஜை. பூஜை போட்ட மெஷினை மறுநாள் ஷிப்ட் வரை யாரும் தொட மாட்டார்கள். சர்வருக்கும் சந்தனம், குங்குமம், ஒரு முழம் சாமந்தி. மூன்று மணிக்குள் எல்லோரும் பொரிப் பொட்டலத்தோடு போய்விட்டார்கள். மறுநாள் காலை ஆறு மணி ஷிப்டுக்கு என் புதிய வருகைப் பதிவு சாஃப்ட்வேர் ஓடியாக வேண்டும். அதனால் நான் மட்டும் சர்வர் அறையில் இருந்தேன்.

கதவோரம் இருக்கும் ரீடரில் கார்டைக் காட்டினால் 'இன்', போகும்போது காட்டினால் 'அவுட்'. இதை விளக்க நாற்பது ஸ்லைடு போட்டவன் நான். சர்வர் அறைக்குத் தனி விதி: இரண்டு பேர் உள்ளே இருந்தால் இரண்டு பேருக்கும் அவுட் விழுந்தால்தான் கதவு திறக்கும். ஒருவரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு மற்றவர் போய்விடக் கூடாது. இந்த ஸ்லைடுக்கு மேனேஜர் எழுந்து நின்று கைதட்டினார்.

சோதனைக்காகத் தொரப்பள்ளியில் என் வீட்டு வாசலிலும் ஒரு ரீடர் மாட்டி, அதே சர்வரோடு இணைத்திருந்தேன். கழற்ற மறந்துவிட்டேன். "கார்டு அடிச்சிட்டு உள்ள வாங்க" என்று மனைவி சுஜாதா தினமும் கிண்டல் செய்வாள்.

மாலை 5:48. சோதித்துப் பார்க்க ஒரு பொய் ஆள் வேண்டும். ஊழியர் பட்டியலில் 4016-க்கும் 4018-க்கும் நடுவில் ஓர் எண் காலியாக இருந்தது. 4017. பெயர் 'டெஸ்ட்' என்று சேர்த்தேன். கார்டு எதுவும் கிடையாது.

5:56. திரையில் ஒரு வரி வந்தது. 4017, இன், மெயின் கேட்.

என் பிழைதான் என்று நினைத்தேன். என் பிழைகளோடு எனக்கு நீண்ட நாள் பழக்கம்.

6:01. 4017, இன், பிரஸ் ஷாப்.

பிரஸ் ஷாப் என்றால் இரும்புத் தகடு நசுக்கும் மெஷின்கள் இருக்கும் கூடம்; அங்கே கரண்ட்டே இல்லை. மதியம் என் கண் முன்னால்தான் மெயினை இறக்கினார்கள்.

அந்த ஆளையே பட்டியலிலிருந்து அழித்தேன். 6:05-க்குத் திரும்பி வந்தது. பெயர் இருந்த இடத்தில் 'டெஸ்ட்' இல்லை. 'மாதப்பன்' என்று இருந்தது.

நான் அதை அடிக்கவில்லை...

6:09. 4017, இன், வராந்தா.

6:11. பீப்...

இந்த முறை காதிலேயே கேட்டது. என் கதவின் ரீடர். கதவு திறக்கவில்லை. திரையில் மட்டும் வந்தது: 4017, இன், சர்வர் அறை.

மெஷின் ஆயில் வாசனை.

இன்டர்காம் அடித்தது. கேட்டில் இருந்த செக்யூரிட்டி கங்கப்பன்.

"ஆய்த்தா சார்? நான் பூட்டிட்டுப் போவணும். உள்ள ரெண்டு பேர்னு காட்டுது. கூட யாரு?"

"யாருமில்ல. நான் மட்டுந்தான்."

"அப்ப உங்க சாஃப்ட்வேருக்குக் கண்ணு டாக்டரைப் பாக்கணும்."

"கங்கப்பா, கேமராவுல பாரு."

மவுஸைத் தட்டும் சத்தம் கேட்டது.

"நீங்கதான் நிக்கறீங்க சார். செவுத்தப் பாத்துக்கிட்டு. ஏன் சார் அப்புடி நிக்கறீங்க?"

நான் உட்கார்ந்திருந்தேன்.

போனை வைத்துவிட்டுக் கதவுக்கு ஓடினேன். கார்டைக் காட்டினேன். சிவப்பு. மறுபடி காட்டினேன். சிவப்பு.

நானே எழுதிய விதி.

திரும்பினேன். சர்வரில் வைத்த குங்குமத்தின் மேல் கறுப்பு ஆயில். நான்கு விரல் தடம்.

டக்... டக்... பின்னால் பூட்ஸ் சத்தம். நெருங்கி வந்தது.

கீபோர்டுக்குப் போனேன். 4017... அவுட்.

6:19. பச்சை.

கதவு திறந்தது. எனக்கு முன்னால் யாரோ கடந்து போன மாதிரி காற்று. நான் நிற்கவில்லை. கேட்டில் கங்கப்பன் ஏதோ கேட்டார். வண்டியை எடுத்தேன்.

7:04-க்கு வீட்டில். கதவைத் திறந்த சுஜாதா என் முகத்தைப் பார்க்காமல் சமையலறைக்குத் திரும்பினாள். எனக்குப் பின்னால் பீப் என்றது.

"பரவால்ல, இன்னைக்குத்தான் ஒழுங்கா கார்டு அடிச்சிருக்கீங்க" என்றாள்.

என் கார்டு பையில் இருந்தது.

மறுநாள் காலை ஊழியர் பிரிவு நிர்மலாவிடம் கேட்டேன். ஏன் அந்த எண் காலி?

"4017-ஆ? அத யாருக்கும் குடுக்கறதில்ல சார். மாதப்பன் நம்பர். சிங்காரப்பேட்டைக்காரர். ஆறு வருசம் ஆச்சு, நீங்க இங்க வர்றதுக்கு முன்னாடி. ஆயுத பூஜைக்காகப் பிரஸ்ஸைத் தொடைக்கும்போது யாரோ சுவிட்சப் போட்டுட்டாங்க." குரலைத் தாழ்த்தினாள். "பழைய பதிவுல அன்னைக்கு அவருக்கு இன் இருக்கு. அவுட் இல்ல. கணக்குப்படி ஆளு இன்னும் உள்ளயேதான்..."

ஆறு வருடமாக யாரும் போடாத அவுட்டை நான் போட்டிருக்கிறேன்.

நேற்றைய பதிவின் கடைசி வரியைப் பார்த்தேன். 7:04. 4017, இன். கதவு: தொரப்பள்ளி, என் வீடு.

இதுவரை நான்கு முறை அவருக்கு அவுட் போட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் அடுத்த நிமிடமே இன் விழுகிறது. அதே ரீடரில்.

அந்த ரீடரைக் கழற்றி, ஒயரை வெட்டி, பீரோவில் வைத்துப் பூட்டி மூன்று நாள் ஆகிறது.