ஆம்பூர்க் கையுறையும் கம்ப்யூட்டர் எலியும்

வேலூர்ல ஒரு காலேஜ்ல வெள்ளெலி ரூமைப் பதினெட்டு வருஷமாப் பாத்துக்கிறவ நான், கண்ணம்மாள். கூண்டு கழுவுறது, மரத்தூள் மாத்துறது, தண்ணி வைக்கிறது, சோதனை நாள்ல எலியைத் தூக்கிப் பலகை மேல விடுறது, எல்லாம் நான்தான்.

அந்தப் பலகை இடுப்பு உசரத்துல நிக்கும், நாலு ரோடு கூடுற எடம் மாதிரி. ரெண்டு ரோட்டுக்குச் சுவர் உண்டு, ரெண்டுக்குக் கிடையாது. பயந்த எலி சுவருக்குள்ளேயே கிடக்கும். தைரியம் வந்த எலி வெளி ரோட்டு நுனிக்குப் போய்க் கீழ எட்டிப் பாக்கும். சோதனை முடிஞ்சதும் கொன்னுடுவாங்க. அதை மட்டும் நான் நின்னு பாத்ததில்ல.

வாணியம்பாடிப் பொண்ணு லுப்னா, அங்க ஆராய்ச்சி பண்றவ, அந்தப் பலகையைக் கம்ப்யூட்டருக்குள்ள கொண்டாந்துட்டா. எலி ஒரு வெள்ளைப் புள்ளி.

"இது நெஜ எலி மாதிரியே பயந்துச்சுன்னா, புதுசா அறுபது எலி சாக வேணாம் ஆயா. திங்கக்கிழமைக்குள்ள ஒத்து வரலைன்னா புரொபசர் சார் புது எலிக்குச் சொல்லி அனுப்பிடுவார்."

ஒத்து வரல.

"தீபாவளிக்கு முன்ன நீங்க விட்ட எலிங்களோட சரியாப் போகுது. அதுக்கப்புறம் விட்டது ஒண்ணுகூட மூலையை விட்டு வரல. இன்னா ஆச்சு?"

"வெடிச்சத்தம்."

"ஒரு மாசமாவா வெடிச்சாங்க?"

"எங்க தெருவுல வெடிச்சாங்க. வந்து கேட்டுப் பாரு."

"உங்களோட பேசறதே பேஜார்"னு சிரிச்சா. கண்ணு சிரிக்கல.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுட்டு, கையுறையை மடியில போட்டுக்கினு அவ பக்கத்துல உக்காந்திருந்தேன். புள்ளி போவுது, நிக்குது, திரும்புது. கண்ணு சொக்கிடுச்சு.

நான் பலகை மேல இருந்தேன். சுவர் இல்லாத ரோடு. கீழ தரை, பாலாத்துல தண்ணி வந்தாப்போல மினுமினுன்னு ஓடுது. காலுக்குக் கனமே இல்ல. பயமும் இல்ல. மேலேர்ந்து மேகமாட்டம் ஒரு கை எறங்குது. கைக்கு முன்னாடி வாசனை வந்துச்சு. சுண்ணாம்பு, எண்ணெய், தோலு. ஆயிரம் மாடு செத்துக் கூட்டமா வர்ற வாசனை. ஒடம்பு தானா சுவரைப் பாத்து ஓடுது. ஓடும்போதே தெரியுது, இது எங்க வூட்டுக்காரர் பஞ்சாட்சரத்தோட வாசனை.

முழிச்சுக்கினேன்.

ஆம்பூர்ல தோல் கம்பெனியில முப்பது வருஷம் இருந்தார். மிச்சத் தோல்ல எனக்குன்னு கையுறை தைச்சுக் குடுத்தார். அவர் போயி ரெண்டு வருஷம். தீபாவளி சமயம் ஒரு எலி வெரலைக் கடிச்சுடுச்சு. அன்னிக்குத்தான் அதைப் பெட்டியிலேர்ந்து எடுத்தேன். எங்க பக்கத்துல தோல் வாசனை யாருக்கு ஒறைக்கும்?

கையுறையை மடியிலேயே இறுக்கிப் புடிச்சுக்கினேன். சொன்னா அப்புறம் போட்டுக்க முடியாதே. புள்ளி மறுபடி நுனிக்கு வந்து எட்டிப் பாத்துச்சு. அறுபது எலி. கையுறையை லுப்னா பக்கம் தள்ளினேன்.

"தீபாவளிலேர்ந்து இதைத்தான் போட்டுக்கினேன்."

மோந்து பாத்தா. "ஒண்ணும் தெரியலையே ஆயா."

"உனக்கெப்படித் தெரியும்? உங்கப்பா சட்டையும் இதே வாசனைதானே!"

அவ அப்பா வாஹித் பாஷாவும் தோல் கம்பெனிதான். வாயைப் பொத்திக்கினா.

வாசனைக்குன்னு ஒரு கணக்கைப் புள்ளிக்குள்ள சேத்தா. புள்ளி ஓடிப் போய் மூலையில ஒடுங்கிக்கிச்சு. நெஜ எலி பயந்த அளவுக்கே. திங்கக்கிழமை சார் பாத்தார். எலி வண்டி வரல.

"வாசனையை எடுத்துடு பாப்பா"ன்னேன். எடுத்தா. புள்ளி மெள்ள வெளிய வந்துச்சு.

இப்ப எனக்கு ரப்பர் கையுறைதான். அவரோடது தலைகாணிக்கு அடியில. எலிக்கு அது செத்த மாடா இருக்கட்டும். எனக்கு அவர் ஷிப்ட் முடிஞ்சு வர்ற நேரம்.